பெறும் முகவரிக்கு யார் சாட்சி?

2018 பிப்ரவரித் தொடக்கத்தில் லெட்ஜர் நிறுவனத்தின் ஹார்டுவேர் வாலட்டைப் (ரகசியச் சாவியைக் காக்கும் சிறு கருவி) பற்றி ஓர் அறிக்கை வெளியாகி, பிட்காயின் வைத்திருந்தவர்களைக் கலங்க வைத்தது. கருவியை யாரும் உடைத்திருக்கவில்லை. உள்ளே பூட்டி வைத்த ரகசியச் சாவியும் கசியவில்லை. கருவியோடு சேர்ந்து கணினியில் ஓடும் செயலியில்தான் ஓட்டை இருந்தது. பணம் வாங்க வேண்டியவர் ‘பெறு’ என்ற பொத்தானை அழுத்துவார். திரையில் ஒரு முகவரியும் அதன் கியூஆர் கோடும் வரும். அந்தச் செயலியின் நிரல், கணினியில் ஓடும் வேறு மென்பொருள்களும் எளிதில் மாற்றக்கூடிய கோப்புறையில் கிடந்தது. மால்வேர் ஒன்று புகுந்து ஓரிரு வரிகளை மாற்றினால் போதும், திரையில் வரும் முகவரி திருடனுடையதாகிவிடும். கியூஆர் கோடும் அதற்கேற்ப மாறிவிடும். வாலட்டின் சொந்தக்காரர் தன் கையாலேயே அதை நகலெடுத்து, பணம் தர வேண்டியவருக்கு அனுப்பி வைப்பார்.

அதற்கு லெட்ஜர் சொன்ன வழி எளியது. முகவரியோடு இருக்கும் சிறு குறியை அழுத்தினால் அதே முகவரி கருவியின் திரையிலும் வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிறரிடம் கொடுக்க வேண்டும். சரியான அறிவுரைதான். ஆனால் அந்த ஒப்பீட்டை அன்றைய செயலி கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் பார்க்கலாம், விட்டாலும் விடலாம் என்றிருந்தது. கருவியை வாங்கிய பிறகும் முகவரியைக் கணினியில் பார்த்தே நம்புவது இன்றுவரை பலருடைய வழக்கம். இந்த வழக்கம் ஏன் ஆபத்தானது என்று விளங்க, பெறும் முகவரி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹார்டுவேர் வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இல்லை. எந்த நாணயம் எந்த முகவரிக்கு உரியது என்ற பதிவு பிளாக்செயினில், உலகெங்கும் பரவிய ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. கருவி காப்பது ஒரே ஒரு ரகசிய எண்ணை. முதன்முதலில் அதை இயக்கும்போது அந்த எண் 12 அல்லது 24 சொற்களாகத் திரையில் தோன்றும். உரிமையாளர் அவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார். ‘விதைச்சொற்கள்’ என்று சொல்லப்படும் இவை 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து வருகின்றன. பிட்காயின் உலகம் பிஐபி-39 என்ற எண்ணில் 2013-இல் முன்மொழிந்த தரமுறை இது. அதை எழுதியவர்களில் மாரெக் பலாட்டினஸ், பாவோல் ருஸ்னாக் இருவரும் பிராகாவில் டிரெசர் வாலட்டை உருவாக்கியவர்கள். ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், செக் முதலிய மொழிகளில் சொற்பட்டியல்கள் இருக்கின்றன. தமிழ் உட்பட இந்திய மொழி எதிலும் இல்லை. ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதி வைக்கும் ஆபத்து நம் ஊர் முதியவர்களுக்கு அதிகம் என்பதால் இது சின்னக் குறை அல்ல.

இந்த ஒரே விதையிலிருந்து கணக்கற்ற சாவிகள் கிளைக்கின்றன. 2012-இல் பீட்டர் வுயில் முன்வைத்த பிஐபி-32 என்ற முறை அதற்கு வழி செய்தது. ஒவ்வொரு சாவிக்கும் மரத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைச் சாய்கோடுகளுக்கு நடுவே எண்களாக எழுதுவார்கள். எடுத்துக்காட்டாக 84/0/0/0/7 என்பதை எடுத்துக்கொள்ளலாம். 84 முகவரியின் வகையைக் குறிக்கிறது. அடுத்த 0 பிட்காயின் என்கிறது, அதற்கடுத்த 0 முதலாவது கணக்கு என்கிறது. நான்காவதாக வரும் 0 வெளியாரிடமிருந்து பணம் பெறும் வரிசை. அங்கே 1 இருந்தால் அது செலவு செய்யும்போது மீதிச் சில்லறை திரும்பி வரும் வரிசை. கடைசியில் உள்ள 7, அந்த வரிசையின் எட்டாவது முகவரி, ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது.

அந்த இடத்தில் கிடைக்கும் தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவி கணக்கிடப்படுகிறது. பொதுச்சாவியை இரண்டு சுருக்கச் சூத்திரங்களில் அடுத்தடுத்து இட்டால் 20 பைட் நீளமுள்ள ஒரு எண் வருகிறது. பிழை காட்டும் எழுத்துகளை அதோடு சேர்த்து மனிதர் படிக்கும் வடிவில் எழுதினால் முகவரி தயார். முகவரியிலிருந்து சாவிக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

கணக்கின் ‘விரிந்த பொதுச்சாவி’ ஒன்றைக் கருவி கணினிக்குக் கொடுக்கிறது. துறையில் அதை எக்ஸ்பப் என்கிறார்கள். அது கையில் இருந்தால் தனிச்சாவி இல்லாமலேயே அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளையும் கணக்கிடலாம். கருவி லாக்கரில் தூங்கும்போதும் கணினியோ கைபேசியோ புதிய முகவரி காட்டுவதும் மீதி இருப்பைச் சொல்வதும் இதனால்தான். கருவி அணைந்து கிடந்தாலும், உடைந்தே போயிருந்தாலும், பணம் வந்து சேரும்.

மறுபுறம், கருவிக்குத் தெரியாதவையும் பல. அதற்கு இணையம் கிடையாது. எந்த முகவரியில் பணம் வந்தது, எது இன்னும் பயன்படாதது, அடுத்து எதைக் கொடுக்க வேண்டும் என்பது எதுவும் அதற்குத் தெரியாது; முகவரிகளின் பட்டியலைக்கூட அது சேர்த்து வைப்பதில்லை. கணினி “ஏழாம் எண் முகவரியைக் காட்டு” என்று கேட்கும்; கருவி விதையிலிருந்து அந்த நொடியில் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் தனித்தனியாகப் போட்ட கணக்கு என்பதால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு. கணினி பொய் சொன்னால் விடை ஒத்துப்போகாது. இரண்டு திரைகளையும் பார்க்காத பயனருக்கு ஹார்டுவேர் வாலட் தரும் பாதுகாப்பில் பாதிதான் கிடைக்கிறது. செலவு செய்யும் சாவி பத்திரமாக இருக்கும். வர வேண்டிய பணம் வேறெங்கோ போய்விடும்.

“நேற்று ஒரு முகவரி, இன்று வேறொரு முகவரி காட்டுகிறதே” என்பது புதிதாக வாங்கியவர்கள் பதறிப்போய்க் கேட்கும் முதல் கேள்வி. பதற வேண்டியதில்லை. சதோஷி நாகமோட்டோ 2008-இல் எழுதிய ஆய்வுத்தாளிலேயே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி இணையைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். பிளாக்செயின் எல்லோரும் படிக்கக்கூடிய ஏடு. ஒரே முகவரியைப் பத்துப் பேரிடம் கொடுத்தால், மற்ற ஒன்பது பேர் எவ்வளவு தந்தார்கள் என்று பத்தாவது ஆள் எண்ணிப் பார்த்துவிடலாம். அதனால் ஒரு முகவரிக்குப் பணம் வந்ததும் செயலி அடுத்ததைக் காட்டுகிறது. பழையது காலாவதி ஆவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த முகவரிக்கு இன்று யாராவது அனுப்பினாலும் அதே வாலட்டில்தான் விழும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. கருவி தொலைந்து, விதைச்சொற்களைப் புதிய கருவியில் இட்டு மீட்கும்போது, செயலி முகவரிகளை ஒவ்வொன்றாகப் பிளாக்செயினில் தேடிப் பார்க்கும். தொடர்ச்சியாக 20 முகவரிகளில் எதுவும் வராமல் இருந்தால் தேடலை நிறுத்திக்கொள்ளும். 2014-இல் வந்த பிஐபி-44 வகுத்த எல்லை இது. ஒரு கடைக்காரர் ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு புதிய முகவரி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக 25 பேர் பணம் கட்டாமல் போய், 26-ஆவது ஆள் கட்டுகிறார். மீட்ட வாலட்டில் அந்தத் தொகை தெரியாது. பணம் எங்கும் போகவில்லை. எல்லையை 50 அல்லது 100 என்று கூட்டி மறுபடி தேடினால் வந்துவிடும். இதை அறியாதவர் பணம் தொலைந்ததாக நம்பி, ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வலைவிரிப்பவர்களிடம் விதைச்சொற்களைக் கொடுத்துவிடும் ஆபத்து உண்மையானது.

பிட்காயின் முகவரியின் முதல் சில எழுத்துகளைப் பார்த்தே அதன் வகையைச் சொல்லலாம். 1-இல் தொடங்குபவை ஆதிகால வகை. 3-இல் தொடங்குபவை 2012-இல் வந்தவை. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற மாற்றம் நடைமுறைக்கு வந்தபின் ‘பிசி1கியூ’ என்று தொடங்கும் 42 எழுத்து முகவரிகள் பரவின. 2021 நவம்பரில் டேப்ரூட் என்ற மாற்றம் வந்ததும் ‘பிசி1பி’ என்று தொடங்கும் 62 எழுத்து முகவரிகள் சேர்ந்தன. ஒரே விதையிலிருந்து இந்த நான்கும் வரும், ஆனால் மரத்தில் வெவ்வேறு கிளைகளில். பழைய வகையில் பணம் வாங்கியவர் புதிய செயலியில் செக்விட் கணக்கை மட்டும் திறந்தால் இருப்பு பூஜ்யம் என்றுதான் காட்டும்.

எழுத்துகளைத் தேர்ந்ததிலும் அக்கறை தெரிகிறது. பழைய வகையில் பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் கிடையாது, ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. புதிய வகை பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற கலப்பையே விட்டுவிட்டது. நான்கு எழுத்துகள் வரை தவறானால் நிச்சயம் கண்டுபிடித்துவிடும்படி அதன் கணிதம் அமைந்திருக்கிறது. கை தவறி ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் வாலட் அனுப்பவே மறுத்துவிடும். ஆனால் இந்தக் காவல் பிழைக்கு எதிரானது மட்டுமே. திருடன் வைக்கும் முகவரி பிழையில்லாத, முறைப்படி பிறந்த முகவரி. அதை எந்தச் சரிபார்ப்புக் கணிதமும் தடுக்காது.

திருடர்கள் முதலில் கை வைத்தது நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தில். 2017-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கிரிப்டோஷஃப்ளர் என்ற மால்வேரை அம்பலப்படுத்தியது. கணினியின் கிளிப்போர்டைக் கவனித்துக்கொண்டே இருந்து, முகவரி போன்ற ஒன்று தென்பட்டதும் அதைத் தன்னுடையதாக மாற்றி வைப்பதே அதன் வேலை. அதற்குள் சுமார் 23 பிட்காயின்களை அது சுருட்டியிருந்தது. ஒட்டிய பிறகு முகவரியைப் பார்த்திருந்தாலே தப்பித்திருக்கலாம் என்பதால், முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பாருங்கள் என்ற அறிவுரை பரவியது.

அந்த அறிவுரை இப்போது போதாது. எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் முகவரியின் எழுத்து ஒவ்வொன்றும் 16 வகைகளில் ஒன்று. முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போக, சராசரியாக 429 கோடி முறை முயன்றால் போதும். நொடிக்குப் பல கோடி முகவரிகளை உருவாக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கு இது சில நிமிட வேலை. 2024 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஒருவர் பெருந்தொகை அனுப்பும் முன் எச்சரிக்கையாக எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 0.05-ஐச் சரியான முகவரிக்கு அனுப்பிச் சோதித்தார். அதைக் கவனித்திருந்த திருடன், தலையும் வாலும் ஒத்த ஒரு முகவரியிலிருந்து அவருக்கு ஒரு சிறு பரிவர்த்தனையை அனுப்பி, அவருடைய வரலாற்றுப் பட்டியலில் அந்த முகவரியை இடம்பெறச் செய்தான். அவர் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்து 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் பிட்காயினுக்கு ஈடாகப் புழங்கும் டோக்கன்) அனுப்பினார். மதிப்பு சுமார் 6.8 கோடி டாலர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. அது அபூர்வமான அதிர்ஷ்டம். சோதனைப் பணம் அனுப்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் சோதித்த முகவரியும் பிறகு ஒட்டிய முகவரியும் ஒன்றே என்று உறுதி செய்யாவிட்டால் சோதனையால் பயனில்லை.

பணம் பெறுபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. தன் முகவரியைத் தானே பழைய வரலாற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஆபத்து. ஒவ்வொரு முறையும் ‘பெறு’ பொத்தானிலிருந்தே தொடங்கி, நடு எழுத்துகளையும் சேர்த்துக் கருவியின் திரையோடு ஒப்பிட வேண்டும். பயனரைக் குறை சொல்வதற்கு முன் திரைகளின் அளவைச் சொல்லியாக வேண்டும். 2016-இல் வந்த லெட்ஜர் நானோ எஸ் கருவியின் திரை 128-க்கு 32 புள்ளிகள். 42 எழுத்துகள் அதில் ஒரே பார்வைக்கு அடங்குவதில்லை. டிரெசரில் இப்போது முகவரியை நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். கணினித் திரையிலும் அதேபோல் பிரித்திருந்தால் கண் தடுமாறாது. பொருளின் விலையை விட இந்த வசதியைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கருவியில் பயனர் ஒப்புதல் தராத வரை முழு முகவரியை மறைத்தே வைக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. எல்லாத் தயாரிப்பாளர்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

எத்தீரியத்தில் வேறு வகைக் குழப்பம். அங்கே முகவரி வங்கிக் கணக்கு எண் போல நிலையானது. பெரும்பாலோர் ஒன்றையே வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதே முகவரி பாலிகான், பிஎன்பி செயின் போன்ற பல வலையமைப்புகளிலும் செல்லும். யூஎஸ்டிடி டோக்கனை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது எந்த வலையமைப்பு என்று கேட்பது இதனால்தான். வலையமைப்பு மாறிப்போனால் பணம் அந்தச் சாவியின் கீழ்தான் இருக்கும், பார்க்கும் செயலி வேறிடத்தில் தேடிக்கொண்டிருக்கும். டிரான் வலையமைப்பின் முகவரி ‘டி’ என்ற எழுத்தில் தொடங்குவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. எத்தீரியத்தில் எழுத்துப் பிழையைக் காட்டும் ஏற்பாடும் தாமதமாக, 2016-இல்தான் வந்தது.

பல சாவிகள் சேர்ந்து காக்கும் மல்டிசிக் வாலட்டில் முகவரியைச் சரிபார்ப்பது இன்னும் கடினம். மூவரில் இருவர் கையெழுத்திட வேண்டும் என்றால், முகவரி மூன்று பொதுச்சாவிகளையும் சேர்த்துப் பிறக்கிறது. ஒரு கருவிக்குத் தன் சாவி மட்டுமே தெரியும். மற்ற இரண்டையும் கணினி கொண்டுவந்து கொடுக்கும்போது அவற்றில் ஒன்றோ இரண்டோ திருடனுடையதாக இருந்தால்? கருவி தன் பங்கைக் கணக்கிட்டு, “ஆம், இது நம் முகவரி” என்றே காட்டும். அதனால் கூட்டாளிகள் அனைவரின் பொதுச்சாவிகளையும் தொடக்கத்திலேயே கருவியில் பதிந்து, ஒவ்வொன்றையும் அதன் உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் முறை வந்தது. இதைச் செய்யாத கருவிகளில் மல்டிசிக் முகவரியைப் பெறுவது அரைகுறைப் பாதுகாப்பே.

கணினித் திரையை நம்பிக் கையெழுத்திட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அனுப்பும் பக்கத்திலிருந்து இரண்டு பெரிய சாட்சியங்கள் இருக்கின்றன. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. கையெழுத்திட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்ததென்றும், இடைமுகத்தில் தெரிந்த விவரம் ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்றும் அந்நிறுவனம் விளக்கியது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தரை இதே பாணியில் இழந்தது. வட கொரியாவே காரணம் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. இரண்டிலும் சாவிகள் கருவிக்குள் பத்திரமாகவே இருந்தன. சிறு திரையில் தெரிந்த தகவல் மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் இல்லை.

வசீர்எக்ஸ் விவகாரம் சென்னைக்கும் வந்தது. தன் எக்ஸ்ஆர்பி நாணயங்கள் முடக்கப்பட்டதை எதிர்த்து ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். சட்டப்படி சொத்து என்றாலும், நாணயம் எக்ஸ்சேஞ்சின் முகவரியில் இருக்கும்வரை சாவி அவர்கள் கையில்தான். சொந்தக் கருவிக்கு மாற்ற நினைப்பவருக்குப் பெறும் முகவரிதான் முதல் வாசல். அப்படி மாற்றிய பிறகு, வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரிடம் எக்ஸ்பப்பைக் கொடுப்பவர்கள், இனி வரப்போகும் முகவரிகள் அனைத்தையும் அவர் பார்க்க முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்பப்போடு ஒரே ஒரு முகவரியின் தனிச்சாவியும் வெளியே போனால் அந்தக் கணக்கு முழுவதுமே கைவிட்டுப் போகும்.

இரண்டு திரைகளும் ஒத்துப்போன பிறகும் பணம் பறிபோன கதையைக் காஸ்பர்ஸ்கி 2023 மே மாதம் வெளியிட்டது. இணையச் சந்தையில் நம்பகமான விற்பனையாளர் என்று எண்ணி ஒருவர் டிரெசர் மாடல் டி வாங்கினார். அட்டைப்பெட்டி, முத்திரை எல்லாம் அசல் போலவே இருந்தன. திறந்து பார்த்தபோது உள்ளே சில்லு மாற்றப்பட்டு, கருவியின் இரு பாதிகளும் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. விதைச்சொற்களைக் கருவி புதிதாக உருவாக்கவில்லை. திருடர்கள் முன்பே தயாரித்த 20 விதைகளில் ஒன்றை எடுத்துக் காட்டியது. விதைச்சொற்களோடு கூடுதல் கடவுச்சொல் ஒன்றை வைத்தாலும் அதன் முதல் எழுத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. மொத்தம் 1,280 சாத்தியங்களைச் சோதித்தால் போதும், எல்லாச் சாவிகளும் கிடைத்துவிடும். கருவி கணினியில் செருகப்படாமல் கிடந்த ஒரு நாளில் 1.33 பிட்காயின் போய்விட்டது. கருவி காட்டிய முகவரிகள் கணக்குப்படி சரியானவையே. விதை மட்டும் அவருடையதல்ல. அடிமடியிலேயே கை வைத்த திருட்டு இது.

அதனால் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். முன்பே எழுதிய விதைச்சொற்களோடு வரும் கருவியைத் தொடவே கூடாது. சொற்களைத் தாளில் எழுதி முடித்ததும் முதல் பெறும் முகவரியையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, பணம் எதுவும் வருவதற்கு முன்பே கருவியை முழுவதும் அழித்துவிட்டு, தாளைப் பார்த்துச் சொற்களை மறுபடி இட வேண்டும். அதே முகவரி திரும்பி வந்தால் தாளில் எழுதியது சரி. முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் கருவியிலும் அதே சொற்களை இட்டுப் பார்க்கலாம். தரமுறை பொது என்பதால் அதே கிளையில் அதே முகவரிதான் வர வேண்டும். கூடுதல் கடவுச்சொல் வைப்பவர்கள் இந்தச் சோதனையை அதோடு சேர்த்துச் செய்ய வேண்டும். கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் கருவி பிழை என்று சொல்லாது. முற்றிலும் வேறான, காலியான ஒரு வாலட்டைத் திறந்து, அதற்கான பெறும் முகவரியைக் காட்டும்.